மூக்குத்திக்கு ஒரு நியாயம், பின்னலுக்கு ஒரு நியாயமா?

இங்கிலாந்துப் பள்ளிகளில் கவர்னர்களாக இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங், நியூமோல்டன் என்று நம்மவர்கள் செறிந்து வாழும் பகுதிகளில் பள்ளிக் கவர்னர் குழுக்களில் தமிழ்ப் பெயர்களைக் காண்பது இப்போது அதிசயமல்ல. உங்களில் சிலரைப் பெற்றோர் வாக்களித்துத் தெரிவுசெய்தார்கள். கணக்காளர், மருத்துவர் என்ற தகைமைக்காகச் சிலரைப் பள்ளியே தேடி வந்து அழைத்தது. சம்பளமில்லாத வேலை. பகல் முழுவதும் உழைத்துவிட்டு மாலையில் போய், பிள்ளைகளுக்கு அளவான நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கட்டுக்கட்டாகத் தாள்களைப் புரட்டுகிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

நான் எழுத வந்தது அந்தத் தாள்களில் கடைசியாக வரும் ஒன்றைப் பற்றி. வரவு செலவு, பரீட்சைப் பெறுபேறு, ஒழுகும் கூரை எல்லாம் பேசி முடிந்து, எல்லாரும் கோட்டைத் தேடும் நேரத்தில் சீருடைக் கொள்கை வரும். போன வருடத்ததுதான், மாற்றம் ஒன்றுமில்லை என்பார் ஹெட் டீச்சர். கைகள் உயரும். முடிந்தது. அடுத்த மாதம் அந்தத் தாளைக் காட்டி ஒரு பதினொரு வயதுப் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில் இராது.

2009 செப்டம்பரில் அதுதான் நடந்தது, நம் கென்டனில். செயின்ட் கிரெகரீஸ் கத்தோலிக்க அறிவியல் கல்லூரிக்கு முதல் நாள் வந்த ஆப்பிரிக்க-கரீபியச் சிறுவன் ஒருவனின் தலையில் கார்ன்ரோ பின்னல் இருந்தது. தலையோட்டை ஒட்டி வரிசை வரிசையாகப் பின்னுவார்களே, அது. பிறந்ததிலிருந்து வெட்டாத முடி. குடும்பத்து ஆண்கள் அப்படியே வைத்திருப்பது வழக்கம். பையன்களுக்குப் பின்னல் கூடாது என்பது பள்ளி விதி. அவனை உள்ளே எடுக்கவில்லை. அவன் வேறு பள்ளிக்குப் போனான், குடும்பம் நீதிமன்றத்துக்குப் போனது. வட்டாரத்தில் குழுச் சண்டைகள் இருந்ததையும், சிகை வழியாக அந்தக் கலாசாரம் உள்ளே வருமோ என்று பள்ளி அஞ்சியதையும் நீதிபதி கொலின்ஸ் ஒதுக்கித் தள்ளவில்லை. அச்சம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் குடும்ப, பண்பாட்டு வழக்கமாகப் பின்னுகிறவனுக்கும் விலக்கே கிடையாது என்று விதி வைத்தது மறைமுக இனப் பாகுபாடு என்று 2011 ஜூனில் தீர்ப்பளித்தார்.

கென்டன் என்றால் நம் கடைகளும் கோயில்களும் இருக்கும் வட்டாரம். ஆனாலும் அந்தத் தீர்ப்பு நம் வீடுகளில் பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அது 'அவர்களுடைய' விஷயமாக இருந்தது. அது எப்படி நம்முடைய விஷயமும் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். கதை கென்டனில் தொடங்கவில்லை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொடங்குகிறது.

2004 செப்டம்பர் விடுமுறையில் டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்திக்கு மூக்குக் குத்தினார்கள். விடுமுறை முடிந்து சின்னத் தங்க மூக்குத்தியோடு பள்ளிக்குப் போனாள். காதில் ஒரு சோடி எளிய தோடும் கைக்கடிகாரமும் தவிர வேறு நகை கூடாது என்பது அங்கே விதி. கழற்றச் சொன்னார்கள். தாயின் குடும்பப் பெயர் பிள்ளை. அவர் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார். நாங்கள் தென்னிந்திய வழிவந்த குடும்பம். பெண் பிள்ளை பெரியவளானால் மூக்குக் குத்துவது எங்கள் வழக்கம். பின்னர் பாட்டி இந்தத் தங்கத்தை எடுத்துவிட்டு வைரம் வைப்பார். இது அழகுக்குப் போட்டதல்ல. நம் வீட்டுப் பாட்டிகள் எவரும் ஒப்பமிடக்கூடிய கடிதம்! பள்ளியின் கவர்னர் குழு மறுத்தது. ஆம், அங்கேயும் விதியை எழுதியதும் விலக்கை மறுத்ததும் உங்களைப் போன்ற ஒரு குழுதான்.

வழக்கு மூன்று படி ஏறியது. சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் அதைத் திருப்பியது. 2007 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் இறுதித் தீர்ப்பைத் தந்தது. பிரதான தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பயஸ் லங்கா. இளம் வயதில் பள்ளியை விட்டுச் சட்டைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போய், பிறகு தானே படித்து, நிறவெறி ஆட்சியின் நீதிமன்றங்களில் வழக்காடி வந்த கறுப்பின மனிதர். நம் மூக்குத்தியை அவர்தான் காப்பாற்றினார். காப்பாற்றிய விதத்தையும் கவனியுங்கள். மூக்குத்தி மதக் கட்டளை அல்ல, போடாவிட்டால் பாவம் ஒன்றுமில்லை என்று பள்ளி வாதாடியது. கட்டாயம் என்பதால் செய்வது மட்டுமல்ல, விரும்பிச் செய்வதும் பாதுகாப்புக்கு உரியதே என்றார் லங்கா. பண்பாடு எங்கே முடிகிறது, மதம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கவும் அவர் போகவில்லை.

அடுத்த வாதம்தான் நமக்கு முக்கியம். இதற்கு இடம் கொடுத்தால் நாளை சடைமுடியோடும் பச்சை குத்திக்கொண்டும் எல்லாரும் கிளம்பி வருவார்கள் என்று பள்ளி பயமுறுத்தியது. நீதிபதி அசையவில்லை. தங்கள் மதத்தையும் பண்பாட்டையும் வெளிக்காட்ட இதுவரை அஞ்சியிருந்த பிள்ளைகள் இனித் துணிவோடு வருவார்கள் என்றால் அது அஞ்ச வேண்டியதல்ல, கொண்டாட வேண்டியது என்ற கருத்தில் பதில் சொன்னார். தமிழ்ப் பெண்ணின் மூக்குத்திக்கான தீர்ப்புக்குள்ளேயே கறுப்பினப் பிள்ளையின் தலைமுடியும் இருக்கிறது. ஒன்றைப் பிரித்தெடுத்து மற்றதை வெளியே விட முடியாது.

அந்தத் தீர்ப்பு கடல் கடந்தது. அடுத்த வருடம், 2008 ஜூலையில், வேல்ஸில் அபர்டேர் பெண்கள் பள்ளி வழக்கு. பஞ்சாபி-வேல்ஸ் கலப்புக் குடும்பத்துப் பதினான்கு வயது மாணவி, சீக்கியர் அணியும் கடாவை, மெல்லிய எஃகு வளையத்தை, கையிலிருந்து கழற்ற மறுத்தாள். பல வாரங்கள் மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து வைத்துப் பாடம் சொன்னார்கள். பிறகு பள்ளியை விட்டு அனுப்பினார்கள். லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சில்பர் அவளுக்குச் சார்பாகத் தீர்ப்பு எழுதியபோது கையில் எடுத்த தீர்ப்புகளில் ஒன்று டர்பன் மூக்குத்தித் தீர்ப்பு. மூன்று வருடம் கழித்துக் கென்டன் சிறுவனின் வழக்கில் கொலின்ஸ் முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டது அபர்டேர் தீர்ப்பை. பாட்டி குத்திவைத்த மூக்குத்தியிலிருந்து எஃகு வளையம், அதிலிருந்து கார்ன்ரோ. இன்று நம் பிள்ளை திருநீறு பூசிக்கொண்டோ, கையில் கோயில் நூல் கட்டிக்கொண்டோ வகுப்பில் உட்கார முடிகிறது என்றால் அதன் பின்னால் இருப்பது இந்தச் சங்கிலிதான். அதற்கும் முந்திய கண்ணி ஒன்று உண்டு: தலைப்பாகையோடு வந்த சீக்கியப் பையனைச் சேர்க்க மறுத்த பர்மிங்காம் பள்ளி மீது 1983இல் பிரபுக்கள் சபை தந்த தீர்ப்பு.

விலக்குக் கேட்பது நமக்குப் புதிதல்ல. அந்தியேட்டிக்கு மொட்டை அடித்த மகனுக்காகக் கடிதம் எழுதியிருக்கிறோம். பல பள்ளிகளில் மிகக் குட்டையாக வெட்டிய முடியும் விதிமீறல்தான். சாமத்தியச் சடங்கு முடிந்து மருதாணி அழியாத கையோடு திங்கட்கிழமை போகும் மகளுக்காக எழுதியிருக்கிறோம். பொதுவாகக் கிடைத்தும் விடுகிறது. ஏன் இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்று யோசித்ததுண்டா? ஆசியப் பிள்ளைகள் அடக்கமானவர்கள், பெற்றோர் படிப்பில் அக்கறை உள்ளவர்கள் என்று ஒரு முத்திரை நம்மீது இருக்கிறது. நம் கடிதத்தை ஒரு பண்பாட்டின் குரலாகப் படிக்கிறார்கள். அதே வேண்டுகோளோடு ஒரு ஜமைக்காத் தாய் அலுவலகத்துக்கு வந்தால் அது தகராறாகப் பதிவாகிறது. இது என் கணிப்பு. உங்கள் பள்ளியில் அப்படி இல்லையென்றால் சந்தோஷம். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பாராமல் சொல்லாதீர்கள்.

இனி முடியைப் பற்றிக் கொஞ்சம். விதி எழுதுகிறவர்களில் பலருக்கு இது தெரியாது என்பதால்தான் சொல்கிறேன். இறுகச் சுருண்ட ஆப்பிரிக்க முடியில் தலைத்தோலின் எண்ணெய் நுனிவரை இறங்காது. சீக்கிரம் காயும், காய்ந்தால் உடையும். பின்னிவைப்பது அதைக் காப்பாற்றும் வழி. ஒரு தலை பின்னி முடிக்கச் சில மணித்தியாலம் போகும்; பின்னினால் சில வாரங்கள் அவிழ்க்கத் தேவையில்லை. பின்னாமல் விட்டால் அது கீழே தொங்காது, மேலேயும் பக்கங்களிலும்தான் வளரும். 'கழுத்துப் பட்டையைத் தொடக்கூடாது', 'பின்னால் இருப்பவரை மறைக்கக்கூடாது', 'அளவோடு இருக்கவேண்டும்' என்ற சொற்கள் எல்லாருக்கும் பொதுவாகத்தான் தெரியும். நேராகத் தொங்கும் முடியை மனத்தில் வைத்து எழுதியவை அவை. ஹாக்னியில் ஒரு மாணவியை அவளுடைய இயற்கையான ஆப்ரோ முடிக்காகத் திரும்பத் திரும்ப வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆப்ரோ நியாயமான அளவில் இருக்கவேண்டும் என்பது அங்கே எழுதிய விதி. சமத்துவ மனித உரிமை ஆணையத்தின் துணையோடு குடும்பம் வழக்குப் போட, நீதிமன்றத்துக்கு வெளியே 8,500 பவுண்டில் அது தீர்ந்தது. பிம்லிகோ அகாடமியில் 2021 மார்ச் கடைசி நாளில் மாணவர்களே மைதானத்தில் இறங்கினார்கள். மற்றவர் பார்வையை மறைக்கும் முடிக்குத் தடை என்ற புதிய விதி அவர்கள் கோபத்துக்கு ஒரு காரணம். பள்ளி பின்வாங்கியது.

அதே ஆணையம் 2022 அக்டோபரில் எல்லாப் பள்ளிகளுக்கும் வழிகாட்டல் வெளியிட்டது. இயற்கையான ஆப்ரோ, பின்னல், கார்ன்ரோ, தலைக்கட்டு போன்றவற்றை விலக்குக்கே இடமில்லாமல் தடை செய்யும் விதி சட்டவிரோதமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அதன் சாரம். உங்கள் பள்ளிக் கொள்கை அதற்கு முன்னால் எழுதி, ஆண்டுதோறும் தேதி மட்டும் மாற்றியதாக இருக்கலாம்.

உங்களில் பலர் இந்த இடத்தில் சொல்லப்போவது எனக்குக் கேட்கிறது. ஒழுங்கு முக்கியம், எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றால்தான் நியாயம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வெள்ளைச் சீருடையில் படித்தவர்கள் நாம். இரட்டைப் பின்னல், ரிப்பன், வாசலில் நிற்கும் மாணவர் தலைவர், காதுக்கு மேல் வளர்ந்த முடியைக் கத்தரிக்கோலோடு தேடும் ஆசிரியர். அங்கே பின்னாமல் வந்தால் தண்டனை, இங்கே பின்னி வந்தால் தண்டனை. ஒழுங்கு என்று நாம் நினைப்பது எவ்வளவு தூரம் ஊர்ப் பழக்கம் என்பதற்கு இது போதும். அந்தச் சீருடையால் நன்மையும் இருந்தது, மறுக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒரே துணியில் நின்றார்கள். அதனால்தான் சீருடையை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. சட்டையைக் கழற்றி மாற்றலாம், தலையை மாற்ற முடியாது.

ஒரே சட்டம் என்ற பேச்சைக் கேட்டு மயங்கக்கூடிய கடைசி மனிதர்கள் நாமாகத்தான் இருக்கவேண்டும். இலங்கையில் 1956இல் எல்லாருக்கும் ஒரே மொழி என்றார்கள். 2021இல் ஜனாதிபதியாக இருந்த கோத்தாபய 'ஒரே நாடு, ஒரே சட்டம்' என்று ஒரு செயலணியே அமைத்தார். எழுத்தில் சமமாக இருக்கும் விதி யாருடைய உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது என்று கேட்க நமக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் மறைமுகப் பாகுபாடு என்பதும் அதைத்தான்: எல்லாருக்கும் பொதுவான விதி ஒரு பிரிவினரை மட்டும் கூடுதலாக நெருக்கினால், அந்த விதி தேவைக்கு மிஞ்சாதது என்று காட்டும் பொறுப்பு விதி வைத்தவரைச் சேரும். விதி வைத்தவர் நீங்கள்.

நாமும் மறுபக்கத்தில் நின்றிருக்கிறோம், அதையும் மறைக்க வேண்டாம். 2018இல் திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தபோது, சேலைதான் எங்கள் பள்ளிப் பண்பாடு என்று வாசலில் நின்று போராடியவர்கள் தமிழ்ப் பெற்றோர். இலங்கை மனித உரிமை ஆணைக்குழு பின்னர் ஆசிரியைகளின் பக்கம் நின்றது. பெரும்பான்மையிடம் நாம் கேட்பதை நம் கைக்கு அதிகாரம் வந்ததும் அடுத்தவருக்குக் கொடுக்க மறுத்தோம். இங்கே கவர்னர் நாற்காலி அப்படி ஓர் அதிகாரம். அதோடு, நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 'கறுவல்' என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பள்ளி மேசையில் சமத்துவக் கொள்கைக்குக் கை தூக்குவதை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சிகைக்கான தண்டனை சிகையோடு நின்றுவிட்டால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். முதல் நாள் குறிப்பு, அடுத்து டிடென்ஷன், பிறகு ஐசோலேஷன் அறை. சரிசெய்யாவிட்டால் அது 'தொடர்ந்து கீழ்ப்படியாமை' ஆகிவிடும். முடியில் தொடங்கியது பதிவேட்டில் குணக்குறையாக முடியும். பிறகு எந்தச் சண்டையிலும் முதல் சந்தேகம் அந்தப் பிள்ளை மேல்தான். 2019இல் எட்வர்ட் டிம்ப்சன் அரசுக்குக் கொடுத்த ஆய்வறிக்கை, வறுமை, சிறப்புக் கல்வித் தேவை போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும், கறுப்பினக் கரீபியப் பிள்ளைகள் வெள்ளைப் பிரித்தானியப் பிள்ளைகளைவிட 1.7 மடங்கு அதிகமாக நிரந்தரமாக நீக்கப்படுகிறார்கள் என்று கண்டது. பழைய கதைதான். 1971இலேயே கிரெனடாவிலிருந்து வந்த ஆசிரியர் பெர்னார்ட் கோர்ட், கரீபியப் பிள்ளைகளை மந்தபுத்தி என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிகளுக்குத் தள்ளிய வழக்கத்தை ஒரு சிறு நூலில் அம்பலப்படுத்தினார். நம் பிள்ளைகள் தேசியப் புள்ளிவிவரத்தில் பெரும்பாலும் 'ஏனைய ஆசியர்' என்ற வரிசைக்குள் போய்விடுகிறார்கள். அந்த வரிசையில் நீக்கம் சராசரியைவிடக் குறைவு. அதனால்தான் இந்தப் பிரச்சினை நம் கண்ணில் படுவதில்லை.

சஸ்பென்ஷன் எண்ணிக்கையை அரசு இனவாரியாக வெளியிடுகிறது. ஐசோலேஷன் அறையில் கழியும் நாட்களுக்கு அப்படியொரு தேசியக் கணக்கே இல்லை. ஆனால் உங்கள் பள்ளியில் உண்டு; கணினியில் ஒவ்வொரு தண்டனையும் பதிவாகிறது. கேட்டால் ஹெட் டீச்சர் தரவேண்டும். போன வருடம் சீருடை, சிகை காரணமாக எத்தனை பேருக்கு என்ன தண்டனை, அவர்கள் எந்த இனத்தவர், எத்தனை பேர் விலக்குக் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேளுங்கள். விலக்குக் கேட்கும் வழி கொள்கையிலேயே எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுதாத விலக்கு, கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் விலக்கு; அதில் இதுவரை இலாபம் பார்த்தவர்கள் நாம். 'அதீதமான சிகை' என்ற சொல் இருந்தால் யார் கண்ணுக்கு அதீதம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சங்கடமான வேலை, தெரியும். வெள்ளையர்கள் நிறைந்த மேசையில் ஒற்றை ஆசியராக இருந்துகொண்டு இனம் என்ற சொல்லை எடுப்பது எளிதல்ல. எல்லாரும் நல்லவர்கள், பிஸ்கட் தட்டை முதலில் உங்கள் பக்கம் நகர்த்துகிறவர்கள். நீங்கள் கேட்டதும் அறையில் ஒரு மௌனம் விழும். விழட்டும். நிரந்தர நீக்கம் ஒன்று வந்தால் பதினைந்து பள்ளி நாட்களுக்குள் கவர்னர்கள் கூடிப் பரிசீலிக்க வேண்டும். வழக்கமாக மூவர் உட்காருவார்கள். அந்த மூவரில் ஒருவராக ஒரு தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட இந்த மௌனம் தாங்கக்கூடியது.

அகாடமித் தொடர்களில் இருப்பவர்கள் விதி மேலிடத்தில் எழுதுவது, எங்கள் கையில் இல்லை என்பீர்கள். மேலிடத்துக்கும் ஓர் அறங்காவலர் சபை உண்டு, அதற்கும் கடிதம் எழுதலாம். மற்றவர்களுக்குக் காரியம் இன்னும் சுலபம். கூட்டத்துக்கான தாள்கள் ஏழு நாளுக்கு முன்பே வரும். அதற்கும் முன்னால் கவர்னர் குழுவின் கிளார்க்குக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். சீருடைக் கொள்கையை நிகழ்ச்சி நிரலின் அடியிலிருந்து எடுத்து வரவு செலவுக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். மேலே கேட்ட எண்களைத் தாளோடு இணைக்கச் சொல்லுங்கள். ஆணையத்தின் வழிகாட்டலையும் கூடவே அனுப்புங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பள்ளியில் கறுப்பினப் பெற்றோர் குழு இருந்தால், வரைவை இறுதி செய்யுமுன் அவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கவர்னர் குழுவில் அவர்கள் யாரும் இல்லையென்றால் அடுத்த பெற்றோர் கவர்னர் தேர்தல் எப்போது என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே இங்கே பிள்ளை வளர்க்கும் ஒருவர்